நாலாவது துண்டு

அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஊருக்கெல்லாம் அவள் எறும்பக்கா. ஓரிடத்தில் உட்காராதவள், வெறுங்கையோடு நடக்காதவள் என்று யாரோ விளையாட்டாக வைத்த பெயர் முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்குப் போனால் திரும்பும்போது வழியில் கிடந்த இரண்டு சுள்ளியாவது கையில் இருக்கும். பேச்சுக்கு நின்றாலும் கை சும்மா இருக்காது. எதிரில் நிற்பவரின் சட்டையில் தொங்கும் நூலைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

அவள் கணவர் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். உட்கார்ந்தே இடுப்பு தேய்ந்து, வண்டியை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். குத்தகைக்கு விட்டிருந்த ஒன்றரை ஏக்கரைத் திருப்பி வாங்கி மக்காச்சோளம் போட ஆரம்பித்தார். நிலத்தையும் லாரி மாதிரியேதான் நடத்தினார். புறப்படும்போதே டேங்கை நிரப்பிவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. அதனால் விதைக்கும் அன்றைக்கே உரம் மொத்தத்தையும் கொட்டிவிடுவார். களை எடுப்பது அவருக்கு வண்டி கழுவுவது மாதிரி. நேரம் கிடைத்தால் செய்யலாம், ஓட்டத்துக்கு அதனால் ஒன்றும் குறையாது. நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் இரண்டு ஆளைக் கூப்பிட்டு ஒரு தடவை எடுப்பார், அவ்வளவுதான்.

எறும்பக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "களையக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துடலாங்க. அதுவும்தானே உரத்தைத் தின்னுது."

"வயல நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஓட்டுபவர் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்கிற தோரணையில் சொன்னார். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

இப்படியிருக்கும்போதுதான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. ஸ்கூட்டரின் பக்கவாட்டில் அளவுக்கோடு போட்ட ஒரு நீளக் குச்சியைக் கட்டிக்கொண்டு வருவாள் என்பதால் இரண்டாவது தடவை வருவதற்குள் ஊர் அவளுக்குக் குச்சி மேடம் என்று பெயர் வைத்துவிட்டது. ஆறு பேர் வயலில் ஒரு சோதனை செய்ய வேண்டும், ஒவ்வொரு வயலிலும் கொஞ்சம் இடம் வேண்டும் என்றாள்.

"ஒரே அளவா நாலு துண்டு பிரிச்சுக்கலாம்ணா. முதல் துண்டுல நீங்க எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க. ரெண்டாவதுல உரத்தை மட்டும் பாதியாக்குங்க. மூணாவதுல அதே முழு உரம்தான், ஆனா மூணு தடவையா பிரிச்சுப் போடணும். களையும் இருபதாம் நாள் ஒரு தடவை, நாப்பதாம் நாள் ஒரு தடவை எடுக்கணும்."

"நாலாவதுல?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. விதை போடணும், தண்ணி விடணும். உரமும் கிடையாது, களையும் எடுக்கக் கூடாது. அதுக்குக் கன்ட்ரோல்னு பேரு."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கன்ட்ரோல்னா வண்டி நம்ம பிடியில இருக்கறதுன்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். கையை விட்டுட்டு ஓட்டறதுக்கா அந்தப் பேரு?"

அவளும் சிரித்தாள். "ஒண்ணுமே செய்யாட்டி எவ்வளவு வரும்னு தெரிஞ்சாத்தானேண்ணா, செஞ்சதால எவ்வளவு கூடுச்சுன்னு சொல்ல முடியும்? அதுல குறையற விளைச்சலுக்கு ஆபீஸ்ல ஈடு கொடுத்துடுவாங்க."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எறும்பக்கா மெதுவாகக் கேட்டாள். "அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எது அக்கா?"

"அந்த நாலாவது துண்டு."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, தமாஷுக்குக் கேட்ட கேள்வியில்லை அது.

எந்தத் துண்டு எங்கே என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். நாலாவது துண்டு, ஊர் வழியை ஒட்டிய ஓரத்தில் விழுந்தது. அதற்கு இந்தப் பக்கம் மூன்றாவது. மூலைக்கு மூலை குச்சி நட்டு, எண் எழுதிய தகரத்தைக் கட்டிவிட்டுப் போனாள் குச்சி மேடம்.

முதல் பன்னிரண்டு நாள் நான்கு துண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. விதைக்குள் இருந்ததைத் தின்று முளைத்த பயிருக்கு மேலே நடக்கும் பாகுபாடு தெரியாது. பதினைந்தாம் நாளுக்கு மேல் தெரிய ஆரம்பித்தது. முதல் துண்டில் சோளம் கரும்பச்சையாக நின்றது. கோரைக் களையும் அதற்குப் போட்டியாகக் கரும்பச்சையாக நின்றது. நாலாவதில் கோரை மட்டும் கொழுத்தது. சோளம் வெளிறிப்போய், காய்ச்சலிலிருந்து எழுந்த ஆள் மாதிரி, காற்று அடித்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்கிறேன் என்று நின்றது.

காலையில் சைக்கிளில் அந்த வழியாகப் போகும் பால்காரர் ஒரு நாள் காலைத் தரையில் ஊன்றி நின்றார். "என்னக்கா, வீட்டுல சண்டையா? பாகம் பிரிச்சுக்கிட்டீங்களா? இந்தப் பக்கம் யாரோடது?"

"ஆபீஸ்காரங்க சோதனை," என்றாள்.

"ஓ," என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வழியாக எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எறும்பக்கா எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். எறும்பு என்று பெயர் வாங்கியவளின் வயலில் முழங்காலளவு கோரை. எல்லோருக்கும் தனித்தனியாகச் சோதனை, சோதனை என்று சொல்லிக்கொண்டா இருக்க முடியும்?

இருபதாம் நாள் மூன்றாவது துண்டுக்குக் களை எடுக்க உட்கார்ந்தாள். ஆள் வைக்கவில்லை, அவளே எடுத்தாள். இரண்டாம் நாள் வெயில் ஏறுவதற்குள் கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள். அதற்கு அடுத்து ஒரு சாண் வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் நாலாவது துண்டின் முதல் வரிசை. அங்கே ஒரு செடியின் தண்டை நான்கு கோரை சுற்றி வளைத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கை அதுபாட்டுக்கு வரப்பைத் தாண்டிப் போய் அந்த நான்கையும் வேரோடு பிடுங்கிப் போட்டது.

நான்குதானே என்று நினைத்தாள். பக்கத்துச் செடிக்கும் அதே கதிதான் என்று தெரிந்தது. அதையும் எடுத்தாள். மூன்றாவது செடியில்தான், தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் திரும்பவும் போனாள். டிரைவருக்கு இடுப்புப் பிடிப்பு விட்டு எழுந்து நடமாட ஏழரை மணி ஆகும். அதற்குள் ஒன்றரை மணி நேர வேலை பார்த்துவிட்டு, கை கழுவி, அடுப்பில் தேநீர் வைத்துவிட்டாள். மூன்று காலையில் துண்டு முழுவதும் முடிந்தது. வழியோரமும் வாய்க்கால் ஓரமும் ஒரு முழ அகலத்துக்குக் களையை அப்படியே விட்டுவைத்தாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இன்னமும் காடாகத்தான் தெரியும். உள்ளே செடிகளின் அடி மட்டும் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. ஊராருக்காகத்தான் எடுக்கிறேன் என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், ஊரார் பார்வையில் படும் களையை மட்டும் விட்டுவைத்தாள்.

மூன்றாம் காலை பால்காரர் கண்ணில் பட்டுவிட்டாள். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. போகிற போக்கில், "நான் எதையும் பாக்கலக்கா. கேன் தளும்பாம பாத்துக்கவே எனக்குக் கண்ணு பத்தல," என்றார்.

முப்பதாம் நாள் குச்சி மேடம் அளவெடுக்க வந்தாள். மூன்று துண்டையும் அளந்து எழுதிவிட்டு நாலாவதுக்குள் நுழைந்தவள், குனிந்து செடிகளின் அடியைப் பார்த்தாள். "அக்கா, இதுல களை எடுத்தீங்களா?"

எறும்பக்கா வாயைத் திறப்பதற்குள் வரப்பில் நின்றிருந்த டிரைவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்ல மேடம். நாங்க ஒரு வார்த்தை கொடுத்தா கொடுத்ததுதான். இருபத்தாறு வருஷம் சரக்கு ஏத்தியிருக்கேன், ஒரு பெட்டி குறைஞ்சதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. நான் பொறுப்பு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. மோட்டார் அறைப் பக்கம்தான் அவர் நடமாட்டம். ஓரத்துக் காட்டைத் தாண்டி உள்ளே அவர் எட்டிப் பார்த்ததில்லை. குச்சி மேடம் எறும்பக்காவின் முகத்தைப் பார்த்தாள். எறும்பக்கா கையிலிருந்த சோள இலையை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. குச்சி மேடம் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொறுப்பு என்று சொன்ன மனிதரை, அந்தப் பேச்சின் ஈரம் காயும் முன்பே எப்படித் தலைகுனிய வைப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளை போய் அடுத்த வாரம் வந்தது. நாற்பதாம் நாள் மூன்றாவது துண்டுக்கு இரண்டாவது களை எடுக்க உட்கார்ந்தபோது, ஏற்கெனவே தொட்டாயிற்று, இனி விட்டால் மட்டும் என்ன என்று தோன்றியது. நாலாவதுக்கும் இரண்டாம் தடவை எடுத்தாள்.

நாற்பத்தைந்தாம் நாள் டிரைவர் வழக்கம்போல ஆள் வைத்து முதல் இரண்டு துண்டிலும் களை எடுத்தார். பிடுங்கிப் போட்ட கோரை கட்டுக்கட்டாக வரப்பில் கிடந்தது. அவர் போட்ட உரத்தில் பாதி அதில்தான் இருந்தது. சோளம் அதற்குப் பிறகு நிமிர்ந்தது, நிமிர்ந்தவரைக்கும் நிமிர்ந்தது. நாலாவது துண்டில் தண்டு ஒல்லிதான், இலையில் அந்தக் கருமை இல்லைதான். ஆனால் கதிர் பிடித்தபோது ஒவ்வொன்றும் நுனி வரை மணி கட்டிக்கொண்டு வந்தது. எறும்பக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அதை விடப் பெரிய பயமும் இருந்தது.

அறுவடை நாளில் குச்சி மேடத்தோடு அவளுடைய மேலதிகாரியும் வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் மற்ற ஐந்து வயல்களின் தாள்கள். மூன்று கழிகளைக் கூட்டிக் கட்டி அதில் தராசைத் தொங்கவிட்டு, கதிரை மூட்டை மூட்டையாக நிறுத்தார்கள். சோதனையில் சேர்ந்திருந்த இன்னும் இரண்டு விவசாயிகள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பால்காரரும் காலிக் கேனோடு திரும்புகிற வழியில் நின்றுவிட்டார்.

முதல் துண்டு, இருநூற்றுப் பதினாலு கிலோ. இரண்டாவது, நூற்றுத் தொண்ணூற்று மூன்று. மூன்றாவது, இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு. டிரைவரின் முகம் அந்த எண்ணைக் கேட்டதும் கொஞ்சம் மாறியது. அதே உரம், அதே விதை, அதே தண்ணீர். பக்கத்திலேயே இருக்கும் நிலம்.

நாலாவது, நூற்றுத் தொண்ணூற்று எட்டு.

அதிகாரி இரண்டாம் தடவை நிறுக்கச் சொன்னார். அதே எடைதான். கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "மத்த அஞ்சு வயல்லயும் நாலாவது துண்டு நூறைத் தாண்டல. இங்க மட்டும் எப்படி ரெண்டாவதையே தாண்டுது?"

"முப்பதாம் நாளே இதுல களை குறைவா இருந்துச்சு சார். எழுதி வெச்சிருக்கேன்," என்று குச்சி மேடம் நோட்டைக் காட்டினாள்.

அவர் வாங்கிப் படித்தார். "களை குறைவு, காரணம் தெரியவில்லை." சத்தமில்லாமல்தான் கேட்டார், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. "காரணம் தெரியலைன்னு எழுதறதுக்கா உங்கள அனுப்பினோம்? குச்சிய மாத்தி நட்டீங்களா, இல்ல வயலுக்கு வராமயே வீட்டுல உக்காந்து எழுதினீங்களா?"

"வந்தேன் சார். ஒவ்வொரு தடவையும் வந்தேன்."

"இந்த மாசத்தோட உங்க ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கச் சொல்லி எழுதித் தரக் கேட்டிருந்தீங்க. இத வெச்சுக்கிட்டு நான் என்னன்னு எழுத?"

குச்சி மேடம் குச்சியைத் தரையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் கறுத்த அந்தக் கைகளை எறும்பக்கா பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள்.

அதிகாரி திரும்பினார். "என்னம்மா?"

"களை. நாலாவது துண்டுல நான்தான் எடுத்தேன். ரெண்டு தடவ. அந்தம்மா அன்னிக்கே கேட்டாங்க. நான் சொல்லல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தராசில் தொங்கிய மூட்டை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பால்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். டிரைவர் மனைவியையே பார்த்தபடி நின்றார், யாரோ முன்பின் தெரியாத பெண் தன் வயலுக்குள் வந்து நிற்பது போல.

"ஏம்மா எடுத்தீங்க? சொன்னாங்கல்ல, தொடக் கூடாதுன்னு?"

"பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல சார்."

இப்படி ஒரு காரணத்தை எந்தத் தாளில் எழுதுவது என்று அதிகாரிக்குத் தெரியவில்லை. "ஒரு வயல் கணக்கு மொத்தமா போச்சு. இனி ஆறு இல்ல, அஞ்சுதான்."

டிரைவர் இரண்டு அடி முன்னால் வந்தார். "நான்தான் சார் பொறுப்புன்னு சொன்னேன். என்ன எழுதணுமோ என் பேர்ல எழுதிக்குங்க." அவ்வளவு சொல்லிவிட்டு மோட்டார் அறைப் பக்கம் நடந்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் போன வேகத்தில், யாரும் பின்னால் வரக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது.

குச்சி மேடம் நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள். "எந்தெந்த நாள் எடுத்தீங்க?"

"மூணாவது துண்டுக்கு எடுத்து முடிச்ச மறுநாள்ல இருந்து மூணு காலை. அப்புறம் நாப்பதாம் நாள் கணக்குல ரெண்டு காலை."

"உரம் போட்டீங்களா?"

"ஒரு பிடி கூட இல்ல."

"நிஜமாவா?"

"உரம் வெச்சிருக்கற ரூம் சாவி அவர் இடுப்புலதாம்மா இருக்கும். குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டார்."

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குச்சி மேடம் சிரிக்கவில்லை. எழுதியதையும் மற்ற எடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் நோட்டை நீட்டினாள். "சார், உரமே இல்லாம, நேரத்துக்குக் களை மட்டும் எடுத்திருக்காங்க. முழு உரம் போட்டுட்டு லேட்டா களை எடுத்த முதல் துண்டுக்கும் இதுக்கும் பதினாறு கிலோதான் வித்தியாசம். செலவைக் கழிச்சுப் பாத்தா இதுலதான் கையில அதிகம் நிக்கும்."

"ஒரே ஒரு வயல். இதுக்கு முன்னாடி போட்ட உரம் மண்ணுல மிச்சம் இருந்திருக்கலாம். இத வெச்சு எதுவும் சொல்ல முடியாது," என்றார் அவர். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பவும் ஒருமுறை படித்தார். "தனியா எழுதி வைங்க. கணக்குல சேக்காதீங்க."

எல்லோரும் கலைந்த பிறகு, ஸ்கூட்டரில் குச்சியைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் எறும்பக்கா போய் நின்றாள். குச்சி மேடம் முடிச்சைப் போட்டு முடிக்கும் வரை நிமிரவில்லை.

"முப்பதாம் நாள் கேட்டேனே அக்கா."

"கேட்டீங்க."

"அன்னிக்குச் சொல்லியிருந்தாக்கூட அதை ஒரு புதுச் சோதனையா மாத்தியிருப்பேன். ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது. எனக்கு இது மூணாவது வருஷம். ஒவ்வொரு வருஷமும் வேலை இருக்குமா, இருக்காதான்னே போகுது."

"தப்புதான்," என்றாள் எறும்பக்கா. ஸ்கூட்டர் வழி திரும்பி மறையும் வரை நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரம் அவள் கை எதையும் பிய்க்கவில்லை.

வீட்டில் நான்கு நாள் பேச்சில்லை. டிரைவர் சாப்பிட்டார், தூங்கினார், வானொலி கேட்டார். அவளிடம் மட்டும் சாடையில் பேசினார். ஐந்தாம் நாள் காலை, கதிர் காயப் போட்டிருந்த களத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் தேநீர் கொண்டுபோய் வைத்தாள்.

"பதினாறு கிலோவுக்காகவா நான் அத்தனை மூட்டைய முதுகுல தூக்கினேன்?" என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாம ஏன் செஞ்ச?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்," என்றார். "உரம் போனது, விளைச்சல் போனது அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்ட நெஞ்சைத் தட்டிக்கிட்டுப் பெருமை பேசினேன் பாரு. அது முள்ளு மாதிரி குத்துது."

"எனக்கும்தான். ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டு வரலாமாங்க? வாயால சொன்னா யார் ஞாபகம் வெச்சுக்கப் போறா?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். "பத்து மணி பஸ்ஸுல போலாம்," என்றார்.

அலுவலகம் இரண்டாம் மாடியில். படி ஏறும்போது டிரைவர் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார். அதிகாரி முன்னால் உட்கார்ந்து எறும்பக்கா சொல்லச் சொல்ல டிரைவர் எழுதினார். லாரிச் சரக்குச் சீட்டு எழுதிப் பழகிய கை என்பதால் எழுத்து பெரியது, தெளிவானது. இந்த அம்மாள் தவறாமல் வயலுக்கு வந்தார், முப்பதாம் நாள் சந்தேகப்பட்டுக் கேட்டார், நாங்கள்தான் உண்மையைச் சொல்லவில்லை. கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி வாங்கிப் படித்து, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த குச்சி மேடம் எழுந்து வரவில்லை. ஆனால் அவர்கள் வாசலைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தாள்.

ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். வருஷத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு. அடுத்த விதைப்புக்கு முன்னால் அவள் அந்த வழியாக வந்தபோது வீட்டுக்கும் வந்தாள். உரத்தையும் களையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம், இந்தத் தடவை பத்து வயல், ஒவ்வொன்றிலும் உரமில்லாமல் களை மட்டும் எடுக்கும் துண்டு ஒன்று உண்டு என்றாள்.

"நம்ம வயலா?" என்று டிரைவர் ஆவலாகக் கேட்டார்.

"உங்க வயல்ல கன்ட்ரோல் வெச்சா எனக்கு வேலை போயிடும்ணா," என்றாள். அவள் சிரித்த பிறகுதான் மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அந்தப் பருவம் டிரைவர் உரத்தை மூன்று தவணையாகப் போட்டார். மூட்டையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். இடுப்பு வளையாது என்பதால் நின்றபடி தள்ளும் களைக்கருவி ஒன்றை வாங்கி, இருபதாம் நாள் அவரே இறங்கினார். ஸ்டியரிங் இல்லாத வண்டி என்று அதைத் திட்டிக்கொண்டே தள்ளினார். வரிசைக்கு நடுவில் அவர் தள்ள, செடியின் அடியில் ஒட்டி நின்றதை எறும்பக்கா கையால் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வயல் முழுவதும் அந்த மூன்றாவது துண்டின் அளவுக்கு வரவில்லை. மழை இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. ஆனாலும் போன வருஷத்தை விடக் கூடுதலாகவே வந்தது, அதுவும் குறைந்த செலவில்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இன்னொன்று நடந்திருந்தது. சோதனை தொடங்குகிற வாரத்தில் பத்து வயல்காரர்களின் வீட்டுப் பெண்களை அலுவலகக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள், கூடவே எறும்பக்காவையும். அதிகாரி எதுவும் செய்யாத துண்டு ஏன் அவசியம் என்று விளக்கி முடித்தார். பிறகு குச்சி மேடம், "இந்த அக்கா ரெண்டு வார்த்தை பேசுவாங்க," என்று எறும்பக்காவை எழுப்பி நிறுத்திவிட்டாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத எறும்பக்கா மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிரித்தாள்.

"சும்மா விடுங்கன்னு சொல்லுவாங்க. விட முடியாது. கை போகும்," என்றாள். "போனா தப்பில்ல. போயிடுச்சுன்னு அன்னிக்கே மேடம்கிட்ட சொல்லிடுங்க. அதை மட்டும் ஒளிக்காதீங்க."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "தெனமும் பாக்கப் பாவமா இருக்குமே அக்கா, என்ன செய்யறது?"

"இருக்கும்," என்றாள் எறும்பக்கா. "கதிர் பிடிக்கற வரைக்கும் அந்தப் பக்கமா நடக்காம இருங்க. நான் அப்படி இருந்திருக்கணும்."

குச்சி மேடம் எழுந்து, அடுத்ததாக விதைக்கு விதை எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று குச்சியை மேஜை மேல் கிடத்திக் காட்ட ஆரம்பித்தாள். எறும்பக்கா தன் இடத்துக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.